பட்டணத்தை அடுத்த ஏரிக் கிராமங்கள்

மாகறல் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்



காஞ்சீபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் செல்லும் மார்க்கத்தில், செய்யாற்றங்கரையில் மாகறல் அமைந்துள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலமாகையாலும், உடும்பின் வாலைப் போன்றதெனக் கூறப்படும் லிங்கம் அங்கு எழுந்தருளியிருப்பதாலும், வெளியூர் ஜனங்கள் நெடுங்காலமாக இவ்வூரை அறிவார்கள். நெல்லும் கரும்பும் ஆடுமாடுகளுமாக ஜீவனம் நடத்தும் இவ்வட்டாரத்தார், தங்களைச் சென்னைப் பட்டணத்தின் சுற்றுப்புறத்தார் என்று எண்ணுவதற்குக் காரணம் இல்லை. பட்டணம் வடகிழக்கே கடற்கரையில் இருக்கிறது. இடையே எத்தனையோ ஊர்கள் உள்ளன. ஆயினும் நுங்கம்பாக்கம், மாம்பலம், வேளச்சேரி ஆகிய இடங்களும் ஒரு காலத்தில் ஏரியும் நஞ்செயும் உடைய கிராமங்களாகவே இருந்தன. அவை எவ்வாறு பட்டணமாயின, அவற்றின் ஏரிகள் என்னவாயின என்பதே இப்பிரசங்கத்தின் விஷயம். பட்டணம் தன் வாயிலுக்கு வந்த பிறகு இதை அறிந்து பயனில்லை. வருவதற்கு முன் அறிவதே உசிதம்.

தொண்டை மண்டலம் என்று பழைய நாளில் வழங்கிய இப்பிரதேசத்தின் பூகோளத்தை முதலில் கவனித்தல் வேண்டும். மேற்கேயுள்ள குன்றுகளிலிருந்து கிழக்கே கடல் வரையில் பூமி சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்கிறது. காவேரியைப் போன்ற நதி இங்கு இல்லை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கிறது. ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு மாகறல் வழியாக வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அடையாறு, கூவம், கொசஸ்தலை என்னும் மற்றை ஆறுகளும் மழை பெய்தால் ஓடுபவையே. வருஷத்தில் பெய்யும் சுமார் 1,200 முதல் 1,400 மில்லிமீட்டர் மழையில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வாறு கொட்டும் நீரைத் தடுத்து நிறுத்தாவிடில், அது இரண்டு தினங்களில் கடலைச் சேரும்; பிறகு எட்டு மாதம் வறட்சிதான்.

ஆகவே முன்னோர்கள் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவாக மண்கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழிந்த நீர் கீழேயுள்ள ஏரிக்கு வரத்தாகும்; அது நிரம்பியதும் அதற்கும் கீழேயுள்ளதற்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக ஏரிகள் அமைந்திருந்ததனாலேயே பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்ற பெயர் ஏற்பட்டது. இந்தச் சங்கிலியில் மேலூரார் கெடுத்தால் கீழூரார்க்குத் தண்ணீர் இல்லை. கீழூரார் அடைத்தால் மேலூரார் வெள்ளத்தில் மிதப்பர். பின்னால் கூறப்போகும் விபரீதங்களுக்கெல்லாம் இந்த ஒரு சங்கதியே ஆதாரம்.

ஏரியை வெட்டுவதிலும் அதனைக் காப்பது கடினம். இதற்கு அத்தாட்சி உத்திரமேரூரிலேயே கல்லில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற சாஸனங்களில் குடவோலை முறை கூறப்பட்டிருப்பது பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் அந்த ஓலைகள் எதற்காகக் குடத்தில் இடப்பட்டன என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. சம்வத்ஸர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் அடுத்தபடியாக, ஏரி வாரியத்திற்கு 6 பேரைப் பொறுக்கியெடுப்பதற்கே அவ்வேற்பாடு. ஒருமுறை வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியம் புகக்கூடாதென்று விதித்திருந்தனர். பதவிக்காலம் 360 நாட்களே. வயிரமேக தடாகம் என்னும் அவ்வூர்ப் பேரேரியில் தூர் எடுப்பதற்கென்று தர்மவான்கள் பொன்னை முதலாக வைப்பதும், சபையார் அம்முதலைக் குறைக்காமல் வருமானத்தைக் கொண்டு வேலையை நடத்துவதும் வழக்கமாயிருந்தன. சேமநிதி என்றால் இன்னதென்று கூட்டுறவுச் சங்கத்தார்க்கு இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக் காட்ட முடியாது.

ஆனால் அக்காலத்தை முழுவதும் பொற்காலம் என்று கொண்டாடுவது நியாயமன்று. வாரியத்தில் அமர நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவனுக்கு ஓலையில் பெயர் இல்லை. இக்குறை பின்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. அதன் பலனையும் கீழே காணலாம்.

இனிப் பட்டணத்தின் சரித்திரத்துக்கு வருவோம். 1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் கடற்கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்று, அடுத்த ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கினர். கப்பல் நிற்க இயற்கைத் துறைமுகம் அங்கு இல்லை. ஜனங்கள் உண்ண நெல்லும், கும்பினியார் ஏற்றுமதி செய்யத் துணியும் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆகவே பட்டணம் கிராமம் கிராமமாகவே வளர்ந்தது. 1676இல் திருவல்லிக்கேணி, 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை, 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி முதலிய ஐந்து ஊர்கள், 1742இல் வேப்பேரி, பெரம்பூர் முதலியவை. இவை பட்டணத்தைவிட மிகப் பழமையானவை என்பது நினைவிலிருத்தத் தக்கது. நுங்கம்பாக்கத்தின் பெயர் ராஜேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே காணப்படுகிறது. பல்லாவரத்தில் மகேந்திர பல்லவன் காலத்துக் குகைக் கோயில் உண்டு. அதற்கும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மனிதர் செதுக்கிய கற்கருவி ஒன்றை அவ்வூரிலேயே 1863இல் புரூஸ் ஃபுட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி கண்டெடுத்தார். புறநகர் என்றதும் நேற்று முளைத்த ஊர் என்று நினைப்பது பிழை. பட்டணமே அவ்வூர்களின் நடுவில் முளைத்ததாகும்.

கும்பினிக்குத் துணி தேவைப்பட்டபடியால், நெசவுத் தொழிலாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றி 1734இல் சிந்தாதிரிப்பேட்டை ஏற்படுத்தப்பட்டது. திட்டமிட்டு அமைத்த புறநகர்களுள் இதுவே முந்தியது எனலாம். நூலுக்கும் தறிக்கும் ஊர் கண்ட கதையாதலால் காஞ்சீபுரத்தார்க்கு இதில் விசேஷ சிரத்தை இருக்கக்கூடும்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரையில் பார்னார்டு என்னும் இஞ்சினீயர் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளால் விளங்குவது யாதெனில், களத்தில் நெல்லைச் சர்க்காருக்கும் குடிகளுக்கும் பங்கிடுவதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சன் கொல்லனுக்கும், காவலுக்கும், ஏரிக்கும் மேரை என்றும் சுதந்திரம் என்றும் தனித்தனியே பங்கு எடுத்துவிடுவர் என்பதாம். ஏரிக்கு நிதி வேண்டுமென்று யாரிடமும் மனுச் செய்யவேண்டியதில்லை. விளைச்சலிலேயே அதன் பங்கு இருந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. 1780இல் காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினிப் படை ஹைதர் அலியின் சேனையிடம் படுதோல்வி அடைந்தது. அந்த யுத்தத்தில் சீமை பாழாயிற்று. ஜனங்கள் ஊரை விட்டோடினர். ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாதபடி ஸ்ரீராமனே காவல் நின்றதை அவர் கண்டார் என்ற ஐதிகத்தை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஐதிகம் எப்படியாயினும், அவர் கரையைக் கட்டினார் என்பது சரித்திரம். ஆனால் அதே காலத்தில் கும்பினியாரின் வருமான ஏற்பாடுகள் களத்துப் பங்குகளைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டன. பங்கு போனதும் குடிமராமத்தும் தளர்ந்தது. 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்க ஒரு சட்டமே செய்ய நேர்ந்தது. தாமாக வந்து மண் வெட்டிய ஜனங்களைச் சட்டம் போட்டு அழைக்க வேண்டிவந்ததிலிருந்தே வழக்கம் எவ்வளவு நலிந்திருந்ததென்று ஊகிக்கலாம். 1883 முதல் சர்க்கார் ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஒவ்வோர் ஏரிக்கும் கரையின் உயரம், மதகு, கலங்கல், ஆயக்கட்டு முதலியவற்றைக் குறிப்பேடாக எழுதிவைத்தனர். அக்குறிப்பேடுகள் பெரும் பயனுடையவை.

மண் சுமந்தவர்களின் நிலையைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர், ஆதி திராவிட ஜனங்கள் குடியிருக்க மனையும் உழுவதற்கு நிலமுமின்றி மிராசுதாரர்களிடம் கட்டுண்டு கிடந்ததை விவரித்துச் சர்க்காருக்கு எழுதினார். பஞ்சமி நிலங்கள் என்று வழங்குபவை அதன் பலனாக ஏற்பட்டவை. பிறர்க்கு விற்கக்கூடாதென்ற நிபந்தனையுடன் கொடுக்கப்பட்டவையாயினும், பட்டணம் நெருங்க நெருங்க அவற்றுள் பல கைமாறின. 1994இல் காரணை என்னும் கிராமத்துப் பஞ்சமி நிலங்களை மீட்கச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸார் சுட்டு இருவர் மாண்டனர். நிலத்தின் விலை உயரும்போது முதலில் நிலம் இழப்பவர் யார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பட்டணம் கிராமங்களைப் பெயரளவில் சேர்த்துக்கொண்ட பிறகும், அவை நீண்ட காலம் கிராமங்களாகவே இருந்தன. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே மாம்பலத்தையொட்டிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. அதன் கீழ் நெல் விளைந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் வந்தது. பட்டணத்தில் உத்தியோகம், கிராமத்தில் குடியிருப்பு என்பது அதன் பிறகே சாமானியர்க்கும் சாத்தியமாயிற்று. இதற்கிடையில் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரம் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரியின் மிகுதியும் மறைந்தது. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் அவ்விடத்தில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரி காணப்படாவிடினும், ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு வீதி இருக்கிறது!

இந்த மாறுதல் எம்முறையில் நடந்தது என்பதை நிதானமாக ஆராய வேண்டும். பட்டணம் ஓர் ஊரை ஒரே நாளில் விழுங்குவதில்லை. முதலில் நெல் குறைந்து கீரையும் காய்கறியும் பூவும் வரும். அவற்றுக்குப் பட்டணத்தில் ரொக்க விலை உண்டு. பால் போகும். பிறகு ஏரி மண்ணும் வயல் மண்ணும் செங்கல் சூளைக்குப் போகும். ஆற்று மணல் போகும். பாலாற்று மணலால் எழுந்த மாடி வீடுகள் சென்னையில் அநேகம். கிணற்று நீர் லாரியில் போகும். இவற்றிலெல்லாம் கிராமத்தார்க்குப் பணம் வருகிறபடியால் யாரும் குறை கூறுவதில்லை. அதன்பின் ஒருவர் தம் நஞ்செயை மனைப்பிரிவுக்கு விற்பார். அடுத்த நிலத்துக்காரர்க்கு வாய்க்கால் அடைபடும். தண்ணீரின்றி அவரும் விற்பார். ஆயக்கட்டு இவ்வாறு கரைந்தபின், மதகைத் திறக்க ஆளில்லை. நீர்க்கட்டிக்கு வேலை இல்லை. ஏரியின் பேரில் யாருக்கும் பாத்தியதை இல்லை. பயிர் செய்பவன் உள்ள வரையில் ஏரிக்கு உடையவன் உண்டு. அவன் போனால் அது வெறும் புறம்போக்கு. புறம்போக்கென்று ஆனபின் அதில் குடிசை போடுவாரும், குப்பை கொட்டுவாரும், கட்டடம் எழுப்பும் சர்க்கார் இலாகாக்களும் தடையின்றி வருவர். வேளச்சேரி ஏரியின் ஒரு பகுதியில் வீட்டு வசதி வாரியத்தின் மனைகளே உண்டாயின. ஆக்கிரமிப்பு என்றால் ஏழைகள் செய்வது மாத்திரம் என்று எண்ணலாகாது.

1901இல் சுமார் 5 லட்சம் ஜனங்கள் இருந்த பட்டணம், 2011இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்துச் சுமார் 87 லட்சம் ஆயிற்று. அவ்வாண்டிலேயே 42 நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியின் விஸ்தீரணம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக உயர்ந்தது.

இதன் பலன் 2015 டிசம்பரில் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் விடப்பட்டது. அதற்கு முன்பே தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து அடையாற்றில் கலந்திருந்தன. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகள் மூழ்கின. வெள்ளம் புது வழியே வந்ததன்று. பழைய போக்குக்கால்களின் வழியே, பழைய நஞ்செய்களுக்கே வந்தது. அங்கு இப்போது நெற்பயிருக்குப் பதிலாக வீடுகள் இருந்தன. பல ஏரிகளின் உபரி நீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கிவிட்டிருந்தது. அதில் மிஞ்சிய பகுதிக்கு 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. இனி 2019இன் கதை. அவ்வாண்டு கோடையில் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டுபோயின. நான்கு வருஷத்திற்குள் ஒரே ஊர் வெள்ளத்தாலும் தாகத்தாலும் தவித்தது. மழை குறைந்ததொன்றே இதற்குக் காரணமாகாது. பெய்த மழைக்குத் தங்குமிடம் இல்லாமற்போனதும் காரணமாகும்.

எனினும் பட்டணத்தாரை மட்டும் பழிப்பது பாதி நியாயமே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் உற்பத்தி தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஏராளமான தொழிற்சாலைகள் எழுந்து, ஜில்லாவின் வாலிபர் பலர்க்கு ஜீவனம் அளித்தன. அவற்றுள் ஒரு பெரிய தொலைபேசித் தொழிற்சாலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டதையும் ஜனங்கள் கண்டனர். எட்டு வருஷ வேலைக்காக எட்டுத் தலைமுறை நிலத்தை விற்றவர் எவரேனும் இருப்பின், அவருடைய கணக்கை அவரே பார்த்துக்கொள்வார். 2022இல் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்கக் காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள பரந்தூர் தெரிந்தெடுக்கப்பட்டது. ஏகனாபுரம் முதலிய கிராமத்தார், தங்கள் ஏரிகளும் நஞ்செய்களும் போகுமென்று அதனை எதிர்த்து வந்துள்ளனர். பட்டணத்தின் திட்ட எல்லையும் அதே 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. மாகறலுக்குப் பட்டணம் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு இனி மைல் கல்லை மட்டும் பார்த்து விடை கூற இயலாது.

இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். 1904ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இந்தியாவில் முதன்முதல் பதிவான கிராமக் கடன் சங்கம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஏற்பட்டது. அக்டோபரில் காஞ்சீபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. லேவாதேவிக்காரர்களிடம் நிலத்தை இழக்காதிருப்பதற்கே அவை தோன்றின. அதன்பின் 1927இல் அயனாவரத்தில் பால் விநியோக யூனியன் ஏற்பட்டுப் பட்டணத்துக்குக் கிராமத்துப் பாலைச் சேர்ப்பித்தது. இரண்டு மார்க்கங்களும் இன்றும் உதவக்கூடியவை. கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் கைமாற்று இல்லாமையால் அவசரத்தில் விற்கப்படும் நிலமே தரகர்க்கு மலிவாகக் கிடைக்கிறது. உரிய காலத்தில் சங்கக் கடன் கிடைக்குமாயின் அவ்விற்பனைகளுள் ஒரு பகுதி தவிர்க்கப்படும். காய்கறியும் பாலும் பட்டணத்துக்குச் சங்கத்தின் மூலம் சென்றால் நெல்லோடு சேர்ந்து நிலமும் தங்கும்.

ஏரியைப் பொறுத்தவரையில், 2000ஆம் ஆண்டின் சட்டப்படி பாசனதாரர் சங்கங்கள் அமைக்க இடமுண்டு. 2007இல் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சட்டம் ஏற்பட்டது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே வேலைகள் மீண்டும் நடைபெற்றன. ஆனால் தங்கள் ஏரியின் எல்லையை அறியாத ஊரார்க்கு எந்தச் சட்டமும் துணைசெய்யாது. சர்வே நம்பரும் வகைப்பாடும் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் உள்ளன. எல்லை அளவுகள் புலப்படத்தில் உள்ளன. ஆண்டுதோறும் எந்த நிலத்தில் என்ன பயிரென்பது அடங்கலில் உள்ளது. நூறு ஏக்கர் ஆயக்கட்டும் அதற்கு மேலும் உடைய ஏரிகள் நீர்வள இலாகாவையும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை. பெரிய ஏரிகளின் பழைய குறிப்பேட்டை நீர்வள இலாகாவினரிடம் கேட்கலாம். ஏரியைவிட வரத்துக்கால்களே முதலில் மறைகின்றனவாதலின், அவற்றின் நம்பர்களைத் தனியே எழுதிக்கொள்ளுதல் நலம். சங்கத்தின் மகாசபை கூடும் தினத்தில் இவற்றின் நகல்களை வரவு செலவுக் கணக்குடன் சேர்த்து வாசித்துவிட்டு, ஆடி, ஆவணியில் தரை காய்ந்திருக்கும்போதே அங்கத்தினர் நாலைந்து பேர் வரத்துக்கால் நெடுகிலும் நடந்து பார்த்துவரலாம். புரட்டாசியில் மழை பிடித்துவிட்டால் கல் எங்கே, கரை எங்கே என்று காண்பது சிரமம்.